முகவரி தேடியவர்கள்

1933இல் பாஸ்டன் நகரத்து கவுடி கம்பெனி, சூயிங்கம் பொட்டலத்தில் வைத்து விற்பதற்காக 240 பேஸ்பால் அட்டைகள் கொண்ட வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. 106ஆம் எண் அட்டை மட்டும் எந்தப் பொட்டலத்திலும் இல்லை. சென்ட் சென்ட்டாகச் சேர்த்து வாங்கிய பிள்ளைகள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்கே எழுதிக் கேட்டார்கள். மறு ஆண்டு அந்த அட்டை அச்சாகி, எழுதிக் கேட்டவர்களுக்குத் தபாலில் போனது. அட்டையில் இருந்தவர் நாப் லாஜவே. 1916லேயே பெரிய லீக்கை விட்டு ஒதுங்கியவர்.

ஓய்வுபெற்ற ஆட்டக்காரருக்கு அவருடைய அட்டையை அனுப்பித் தபாலிலேயே கையெழுத்து வாங்கும் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடப்போனபோது எனக்கு முதலில் கிடைத்தது இந்தக் கதைதான். அட்டை, தபால், ஓய்வுபெற்றவர் மூன்றும் இதில் உண்டு. கையெழுத்து இல்லை.

இன்று இது நடக்கும் விதம் எளிது. அந்த ஆட்டக்காரர் இளைஞராக இருந்தபோது வந்த அட்டையை எடுத்து, கையால் ஒரு கடிதம் எழுதி, சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறையோடு அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நம் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பியவர்களுக்குப் பழக்கமான அதே உறைதான். 1960, 70களில் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட அட்டைகள் பளபளப்பில்லாதவை. பேனா மையை நன்றாக வாங்கிக்கொள்ளும். பிற்காலத்து வழவழப்பான அட்டைகளில் மை திரண்டுவிடும் என்பதால் பேபி பவுடரைப் பஞ்சில் தொட்டு மெல்லத் தேய்த்துவிட்டு அனுப்புவோம். சில வாரங்களில் பதில் வரும். சில சமயம் அனுப்பியதே மறந்துபோன பிறகு வரும். வெகுநாளாகச் செய்துவருகிறேன், இன்றைக்கும் என் கையெழுத்தில் என் பெயர் எழுதிய உறையைத் தபால்பெட்டியில் கண்டால் அங்கேயே நின்று பிரித்துவிடுகிறேன்.

பழைய கையெழுத்துகள் விற்பவர்களின் பெட்டிகளைத் துழாவியபோது 1930, 40களின் அஞ்சலட்டைகள் நிறையக் கிடைத்தன. ஒரு சென்ட் அரசாங்க அஞ்சலட்டை. ஒரு பக்கம் சேகரிப்பவரின் விலாசம், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கோணல் எழுத்தில். மறு பக்கம் ஆட்டக்காரரின் கையெழுத்து மட்டும். தன் விலாசத்தைத் தானே எழுதி, அதை ஓர் உறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறான் பையன். ஆக, பதிலுக்கான தபால் செலவைக் கேட்பவரே ஏற்கும் முறை அப்போதே வந்துவிட்டது. பெரிய ஆட்டக்காரரான டை காப், ஓய்வுபெற்ற பிறகும் வந்த கடிதங்களுக்குப் பச்சை மையில் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் அட்டையில் கையெழுத்து வாங்கியவர்கள் குறைவு. அஞ்சலட்டையையோ வெள்ளைக் குறிப்பட்டையையோதான் அனுப்பினார்கள். 1952இல் டாப்ஸ் தன் பெரிய வரிசையை வெளியிட்டபோது அந்தக் கம்பெனியின் சை பெர்கர் ஒவ்வொரு அட்டையிலும் ஆட்டக்காரரின் கையெழுத்தை அப்படியே நகலெடுத்து அச்சிட்டார். அச்சில் இருக்கும் கையெழுத்தைப் பார்க்கப் பார்க்க, அதன் பக்கத்திலேயே நிஜத்தைப் பெற வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு வந்திருக்கும் என்பது என் எண்ணம். எனக்கு அப்படித்தான் வந்தது.

இதோடு தேடலை முடித்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. ஆடிக்கொண்டிருப்பவருக்குக் குழுவின் விலாசம் போதும். எழுதினால் போய்ச் சேரும். ஆட்டத்தை விட்டவர் எங்கே இருப்பார்? காப் எங்கே இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். ஒரு கோடைக்காலம் மட்டும் பந்து வீசிவிட்டு ஏதோ ஓர் ஊரில் மரக்கடை நடத்தப் போனவரை யார் கண்டுபிடிப்பது?

அதைக் கண்டுபிடித்தவர்கள் கையெழுத்து சேகரிப்பவர்கள் இல்லை. 1922இல் பேஸ்பாலுக்கு முதல் கலைக்களஞ்சியம் தொகுத்த எர்னஸ்ட் லானிகன் போன்றவர்கள் தொடங்கிவைத்த வேலை அது. 1959 முதல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ்க் கூடத்தின் வரலாற்றாசிரியராக இருந்த லீ ஆலன், பெரிய லீக்கில் ஒரே ஓர் ஆட்டம் ஆடியவர்கூட எங்கே பிறந்தார், என்ன ஆனார் என்று கடிதம் கடிதமாக எழுதி விசாரித்தார். 1969இல் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் வந்த மக்மில்லன் கலைக்களஞ்சியத்தில் அந்த உழைப்பு இருக்கிறது. அது வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, அந்த ஆண்டு மே மாதத்தில் ஆலன் இறந்துபோனார். அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

1971 ஆகஸ்டில் அதே கூப்பர்ஸ்டவுனில் பாப் டேவிட்ஸ் என்பவர் அழைத்து 16 பேர் கூடி அமெரிக்க பேஸ்பால் ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பதினாறு பேரில் ஒருவர் பில் ஹேபர். காணாமல்போன ஆட்டக்காரர்களைத் தேடுவதே அவருக்கு வாழ்நாள் வேலை. அவர் சம்பளத்துக்குப் போன இடம் டாப்ஸ் கம்பெனி. அட்டையும் முகவரித் தேடலும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததை அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு வந்தது அயோவா மாநிலம் ஏம்ஸ் நகரத்து ஜாக் ஸ்மாலிங் தொகுத்த முகவரிப் புத்தகம். உயிரோடு இருப்பவருக்கு வீட்டு விலாசம்; இறந்தவருக்குத் தேதியும் ஊரும். நட்சத்திரத்துக்கும் ஒரு நாள் ஆட்டக்காரருக்கும் அதே அளவு இடம். 1980களில் பதிப்பு பதிப்பாக அது வந்தபோதுதான் இந்தப் பொழுதுபோக்கு நாடெங்கும் பரவியது என்பது என் முடிவு. 1970களில் மிகக் கொஞ்ச காலமே ஆடிய ஒரு பந்து வீச்சாளரிடம், உங்களுக்கு எப்போதிலிருந்து இப்படிக் கடிதங்கள் வருகின்றன என்று கேட்டிருந்தேன். ஆடிய காலத்தில் ஒன்றும் வரவில்லை, 80களில்தான் வரத் தொடங்கின என்று என் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதி அனுப்பினார்.

அப்படிக் குறைவாக ஆடியவர்களே அதிகம் பதில் எழுதுகிறார்கள். அவர்களில் சிலர் கையெழுத்துக்கு ஐந்து, பத்து டாலர் கேட்பதைச் சேகரிப்பவர்கள் குறையாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1980க்கு முன் ஓய்வூதியம் பெறக் குறைந்தது நான்கு ஆண்டு ஆடியிருக்க வேண்டும். 1980இல் அது 43 நாளாகக் குறைந்தது. ஆனால் ஏற்கெனவே விலகியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 2011இல்தான், ஒவ்வொரு 43 நாளுக்கும் ஆண்டுக்கு 625 டாலர், அதிகபட்சம் 10,000 டாலர் என்று ஓர் உதவித்தொகை வந்தது. 2022இல் சற்று உயர்ந்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தக் காலத்தவருக்கு எழுதும்போது உறைக்குள் ஒரு காசோலை வைத்துவிடுகிறேன்.

சில உறைகள் பிரிக்கப்படாமலே திரும்பி வரும். சிலவற்றில் மனைவியோ மகளோ அவர் இறந்த தேதியையும் ஊரையும் எழுதியிருப்பார்கள். அதை ஆய்வுக் கழகத்தின் வாழ்க்கைக் குறிப்புக் குழுவுக்குத் தெரிவித்துவிடுகிறேன். ஆலனும் ஹேபரும் இப்படிப்பட்ட ஒரு வரிக்காகத்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.