இழுத்தால் பருக்கும் நூல்

ரப்பரை இழுத்தால் நீளும், நீண்டால் மெலியும். புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டில் இதற்கு அறிவியல் பாடம் தேவைப்பட்டதில்லை. பாட்டி பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ஆகவே, என் இறுதியாண்டு ஆய்வு இழுத்தால் பருக்கும் பின்னல் நூலைப் பற்றியது என்றதும், "யாருடா ஒன்ன ஏமாத்துனது?" என்றார்.

நீளும்போது ஒரு பொருள் குறுக்கே எவ்வளவு சுருங்குகிறது என்பதைச் சொல்வது பாய்சான் விகிதம். எஃகுக்கு ஏறக்குறைய 0.3, ரப்பருக்கு 0.5ஐ ஒட்டி வரும். இந்த எண் சுழிக்குக் கீழே போனால் பொருள் இழுக்க இழுக்க அகலும். 1987இல் ரோடரிக் லேக்ஸ் அப்படியொரு நுரைப்பஞ்சைச் செய்து காட்டினார். அதன் விகிதம் −0.7. இத்தகையவற்றை 'ஆக்சடிக்' என்கிறார்கள்.

பாட்டிக்குக் கையால்தான் காட்ட வேண்டியிருந்தது. 1 மி.மீ. தடித்த இலாஸ்டிக் கயிற்றின் மேல் 0.2 மி.மீ. தூண்டில் நரம்பைச் சுருளாகச் சுற்றினேன். இழுத்தால் நரம்பு நீளாது, நிமிரும். அது நிமிர்ந்து நடுவுக்கு வர, தடித்த கயிறு ஒதுங்கி அதைச் சுற்றி வளைகிறது. முன்பு 1.4 மி.மீ. இடத்தை அடைத்த நூல், 30 பாகைச் சுற்றில், கயிறு மெலிவதைக் கழித்த பிறகும் கணக்குப்படி சுமார் 2 மி.மீ. இடத்தை அடைக்கும்.

"இதுல யாருக்கு என்ன பிரயோசனம்?" பாட்டியின் அடுத்த கேள்வி. அவர் காலில் ஆறாத சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்றுவது அம்மா. புண் வீங்கினால் சாதாரணக் கட்டு இறுகும். இத்தகைய நூலாலான கட்டு நீளும்போது இடைவெளிகள் திறந்து, உள்ளிருக்கும் மருந்தை வெளிவிடும் என்பது ஆய்வாளர்களின் எண்ணம்.

ஆனால் வீக்கம் கட்டைச் சிறிதளவே நீட்டும். நரம்பு முழுக்க நிமிர 30 பாகைச் சுற்றுக்கு 15.5 விழுக்காடு நீட்சி வேண்டும். 15 பாகைக்கு 3.5 விழுக்காடே போதும். எனவே கோணம் சிறியதாக இருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். கோணம் குறைந்தால் நரம்பு கயிற்றைப் பிடிக்காமல் நழுவுகிறது.

பின்னல் தேவைப்படுவது இதற்காகத்தான். தலைச்சடையைப் போல எல்லாப் புரிகளும் ஒரே மாதிரி இருந்தால் இழுத்ததும் இறுகிவிடும். இருபுறமும் விறைப்பான நரம்பு ஓடினாலும் நடுக்கயிறு நசுங்குமே தவிர விலகாது. ஆகவே ஒரு திசையில் மட்டும் நரம்பு. எதிர்த்திசையில் அதை நழுவாமல் பிடிக்க மெல்லிய, நெகிழ்வான இழைகள்.

கணினி மாதிரி இந்த இடத்தில்தான் என்னைப் படுத்துகிறது. வெறும் வடிவக் கணக்கு ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். இழைகள் குறுக்கிடும் இடங்களில் நரம்பு மென்மையான கயிற்றில் பதிகிறது, உராய்வு பிடிக்கிறது. அளந்தால் கணக்கைவிடக் குறைவாகவே பருக்கிறது. எவ்வளவு குறைவு என்பதை முன்கூட்டியே சொல்லத் தெரிந்தால்தான் கட்டுக்கு ஏற்ற கோணத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். இப்போது 15 பாகை நூல்களைப் பின்னிக்கொண்டிருக்கிறேன். எதிர்த்திசை இழையைப் பாட்டி என்னைவிடச் சீராகப் போடுகிறார்.