பெயரில்லாத மல்லன்

எங்கள் வகுப்பில் அண்டர்டேக்கர் சீட்டு வைத்திருந்தவனுக்குக் கிடைத்த மரியாதை வகுப்புத் தலைவனுக்குக்கூடக் கிடைத்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் கள்ளக்குறிச்சிப் பெட்டிக்கடைகளில் ஷாம்பூ பாக்கெட்டுகளோடு சேர்ந்து தொங்கிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டுகளைச் சொல்கிறேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மல்லரின் படம். அதன் கீழே உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, மோதிய போட்டிகள், வென்ற போட்டிகள். ஆங்கிலப் பாடத்தில் ஒரு வரிக்குத் திணறியவன்கூட ‘செஸ்ட்’, ‘பைசெப்ஸ்’ என்று தடங்கலின்றிச் சொல்வான். கையில் யொகொசூனா வந்தால் எடையைத்தான் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடம். ஜப்பானிய சுமோ வீரராகக் காட்டப்பட்ட அவர் உண்மையில் சமோவா வழிவந்த அமெரிக்கர் என்பது தெரியவந்தபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று நம்பினோம். 1994 ஜனவரியில் அவரைச் சவப்பெட்டியில் அடைத்ததும் அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் திரும்பி வந்ததும் கதைப்போக்கின் பகுதிகள். அந்தச் செய்தி கடல் தாண்டி, கேபிள் இணைப்பு இருந்த இரண்டு மூன்று வீடுகளின் வழியாக எங்கள் பள்ளி வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது ஓர் உயிர் ஏழாகப் பெருகியிருந்தது. தொன்மங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதைப் பின்னாளில் முதுகலை வகுப்பில் படித்தபோது எனக்கு அந்த மரத்தடிதான் நினைவுக்கு வந்தது.

அப்பாவுக்கு இதெல்லாம் எரிச்சலூட்டும். “எல்லாம் நாடகம்டா. நிஜக் குஸ்தின்னா தாராசிங் - கிங்காங்தான்” என்பார். அவர் தலைமுறையில் அந்த இரு பெயர்களும் ஒரே சொல்லைப் போல ஒட்டிக்கொண்டே வரும். பருத்த உடம்புக்காரன் யாராக இருந்தாலும் அவனுக்குக் கிங்காங் என்றுதான் பெயர்.

அந்தக் கிங்காங் ஹங்கேரிக்காரர். எமில் ட்சாயா என்பது இயற்பெயர். ஏறக்குறைய 180 கிலோ எடை. ஆசிய நகரங்களின் மேடைகளில் ஏறிக் கத்தி, மிரட்டி, கூட்டத்தின் வெறுப்பைச் சம்பாதிப்பதே அவருடைய தொழில். எதிரே நின்ற பஞ்சாபி இளைஞர் தாராசிங்கின் மீது மக்கள் கொண்ட அன்பில் ஒரு பாதி இவர் உண்டாக்கிக் கொடுத்தது. தாராசிங் பிறகு திரைப்பட நாயகரானார், 1987இல் தொடங்கிய தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாக வீடுதோறும் வணங்கப்பட்டார், மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். 2012இல் அவர் மறைந்தபோது நாடே அஞ்சலி செலுத்தியது. கிங்காங் 1970இலேயே, கார் விபத்தில் பட்ட காயங்களால், சிங்கப்பூரில் இறந்துபோயிருந்தார். வில்லனாக நின்றவரின் மரணம் எந்த மொழியிலும் சிறிய செய்திதான்.

அப்பாவின் குஸ்தியும் என்னுடைய குஸ்தியும் ஒரே மரபைச் சேர்ந்த காட்சிக் குஸ்திகளே என்று அவரிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் ஏற்றிருக்க மாட்டார். நடிப்பு என்ற ரகசியத்தைக் காப்பது அந்தத் தொழிலில் நெடுங்காலம் ஒரு சத்தியம் போல இருந்தது. மேடையில் பகைவர்களாக இருப்பவர்கள் வெளியூரில்கூட ஒரே காரில் போகக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அந்தச் சத்தியத்தை உடைத்தது கலை விவாதம் எதுவும் அல்ல. விளையாட்டுப் போட்டிகளுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் தப்புவதற்காக, 1989இல் நியூஜெர்சி மாநில சட்டமன்றத்தின் முன் அந்த நிறுவனமே தன் தொழில் கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டது. நாங்கள் வேப்பமரத்தடியில் சத்தியம் செய்து சண்டையிட்டபோது அந்த வாக்குமூலத்துக்கு ஐந்தாறு வயதாகியிருந்தது.

ரொலான் பார்த்தின் ‘மிதாலஜீஸ்’ நூல் 1957இல் வெளிவந்தது. அதன் முதல் கட்டுரையே மல்யுத்தத்தைப் பற்றியதுதான். இது விளையாட்டு அல்ல, காட்சி. யார் வெல்வார் என்பது பார்வையாளனின் கவலையே அல்ல என்கிறார். அதை நான் படித்தபோது வியப்பு ஏற்படவில்லை. திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது புதிய செய்தி அல்ல. பதினெட்டாம் நாள் காலை படுகளத்தில் துரியோதனனின் பெரிய மண்ணுருவம் மல்லாந்து கிடக்கும். இந்த ஆண்டாவது அவன் பிழைத்துக்கொள்வானா என்று பார்க்க யாரும் வருவதில்லை. அவன் எப்படி விழுகிறான் என்று பார்க்கத்தான் ஊர் கூடுகிறது. கட்டை கட்டி, புஜகீர்த்தி வைத்து, இரவு முழுவதும் அதட்டிக்கொண்டிருந்த துரியோதனன் வேடக்காரர், காலையில் அரிதாரம் பாதி கலைந்த முகத்துடன் டீக்கடை பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருப்பார். அப்போது அவரைப் பார்க்க எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும். பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டது போல.

முடிவு பொய் என்பதால் வலியும் பொய் என்று ஆகிவிடாது. அந்த மேடை இரும்புச் சட்டத்தின் மேல் பலகை அடுக்கி, மெல்லிய நுரைப்பஞ்சு விரித்து, கித்தான் போர்த்தியது. அங்கு முதலில் கற்றுத் தருவது அடிக்க அல்ல, விழ. மோவாயை மார்போடு ஒட்டவைத்து, பின்தலை தரையில் படாமல், முதுகின் அகலம் முழுவதும் ஒரே நேரத்தில் பதியுமாறு விழ வேண்டும். தூக்கி எறிபவனுக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு. எறியப்படுபவனின் கழுத்து அவன் கையில் இருக்கிறது. வெறிபிடித்த முகத்தைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டே கைகளால் எதிராளியைக் காக்கத் தெரிந்தவனைத்தான் அந்த உலகம் தேர்ந்த முரடன் என்கிறது.

1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் நகரில், மேன்கைண்ட் என்ற வேடமிட்ட மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் ஏறத்தாழ 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து வீசினார். அது திட்டமிட்ட வீழ்ச்சி. அதன்பின் கூண்டின் கூரை பெயர்ந்து ஃபோலி மேடையில் விழுந்தது திட்டத்தில் இல்லை. அவர் எழுந்து வந்து ஆட்டத்தை முடித்தார். மறு ஆண்டு தன் வாழ்க்கை வரலாற்றை, வேறு யாரையும் எழுதவிடாமல், நூற்றுக்கணக்கான பக்கங்கள் தன் கையாலேயே எழுதினார். அதே 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட்டை அரங்கின் கூரையிலிருந்து கம்பியில் இறக்கும்போது கொக்கி விடுபட்டது. அவர் இறந்தார். நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. ஓவன் ஹார்ட் எங்கள் கட்டிலும் இருந்தார். வெற்றி எண்ணிக்கை குறைவு என்பதால் யாரும் விரும்பாத சீட்டு.

இதையெல்லாம் எழுதத் தூண்டியவன் என் மாணவன் ஒருவன்.

2006இல் தலிப் சிங் ராணா என்ற ஏழடி மனிதர் ‘தி கிரேட் காளி’ என்ற பெயரில் அந்த மேடைக்கு வந்தார். வந்த அன்றே அண்டர்டேக்கரைச் சாய்த்தார். 2007 ஜூலையில் உலகப் பட்டமும் பெற்றார். இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மலைக் கிராமமொன்றில் ஏழ்மையில் பிறந்து, கூலி வேலைகள் செய்து, பஞ்சாப் காவல்துறையில் சேர்ந்தவர் அவர். அந்த உடம்பு வரமல்ல. பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு. 2012இல் அதற்காக மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் திரையில் அவர் மொழியற்ற முரடர். உறுமுவார், பக்கத்தில் நிற்கும் ஒருவர் அதை மொழிபெயர்ப்பார். மலையிலிருந்து வந்தவன் என்றால் பேசத் தெரியாதவன் என்று சமவெளிக்கு எப்போதும் ஓர் எண்ணம்.

அந்த ஆண்டு என் இளங்கலைத் தமிழ் வகுப்பில் கல்வராயன்மலைப் பையன் ஒருவன் இருந்தான். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள்கள், பேச்சு குறைவு. 1976வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. அங்கிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவன் அவன். முதல் மாதத்திலேயே அவனுக்குக் ‘காளி’ என்று பெயர் வந்துவிட்டது. பெஞ்சை இடம்மாற்ற வேண்டுமா, காளி. தண்ணீர்க் கேன் தூக்க வேண்டுமா, காளி. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். செல்லப்பெயர் என்றே நினைத்தேன்.

அன்று புறநானூற்றின் எண்பதாம் பாடல். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது வெல்வதைச் சாத்தந்தையார் பாடியது. ஒரு கால் மார்பை அழுத்த, மறுகால் எதிராளியின் பிடியைத் தடுக்க, பசித்த யானை மூங்கிலை முறிப்பது போல அவன் மல்லனை முறிக்கிறான். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இவன் தந்தை தித்தன் இதைப் பார்க்கட்டும் என்கிறார் புலவர். உற்சாகமாக நடத்திக்கொண்டிருந்தேன். மல்லன் எப்படி இருந்திருப்பான் என்று காட்ட என் விரல் கடைசி வரிசையை நோக்கி நீண்டது. “இதோ, நம்ம காளி மாதிரி.” வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

சிரிப்பு அடங்கியதும் எழுந்து நின்றான். “ஐயா, அந்த மல்லனுக்குப் பேரு என்னங்க ஐயா?”

பாடல் முழுவதும் அவன் மல்லன்தான். கொளுவிலும் ஆமூர் மல்லன். பெயர் இல்லை. “தோத்தவன் பேர யாருப்பா பாடுவா?” என்றேன். வகுப்பு மறுபடியும் சிரித்தது. அவன் உட்கார்ந்துகொண்டான்.

அந்த ஆண்டு விழாவில் மாணவர்கள் ஒரு நகைச்சுவைக் குஸ்தி போட்டார்கள். காளி வேடத்துக்கு அவனை விட்டால் யார்? வகுப்பிலேயே ஒல்லியான பையனிடம் அவன் தோற்க வேண்டும். அதற்குமுன் அந்தப் பையனை ஒருமுறை தலைக்கு மேல் தூக்கிக் கீழே போட வேண்டும். போட்டான். அரங்கு அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. பையன் விழுந்த இடத்தில், அவன் பின்தலைக்கும் மேடைப் பலகைக்கும் நடுவில், ஒரு பெரிய உள்ளங்கை இருந்தது. யாரும் அவனுக்கு அதைக் கற்றுத் தரவில்லை.

எண்பத்தைந்தாம் பாடலை நடத்தும்போதெல்லாம் இப்போது சற்றுத் தயங்குகிறேன். நக்கண்ணையார் பாடியது. அதே கிள்ளிதான். ஆனால் அவள் பார்வையில் அவன் அயலூரில் மோதுகிற அயலான். அவன் ஊரும் அது அல்ல, நாடும் அது அல்ல. வெல்வான் என்று ஒரு சாராரும் வெல்லமாட்டான் என்று ஒரு சாராரும் பேசிக்கொண்டிருக்க, சிலம்பு ஒலிக்க ஓடிவந்து பனையின் அடியில் சாய்ந்து நின்று அவன் வெற்றியைப் பார்க்கிறாள். அயலானுக்காகப் பனையடியில் நிற்க அங்கே ஒருத்தி இருந்தாள். ஆமூர் மல்லனின் பக்கம் யார் நின்றார்கள் என்று சங்கப்பாடல் எதுவும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு, வெள்ளிமலைக்குப் போவதற்காகக் கச்சிராயபாளையத்தில் பேருந்துக்குக் காத்திருந்தேன். தோளில் ஒரு மூட்டையும் கையில் ஒரு சிறுமியுமாக எதிரே வந்த மனிதர் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். காதோரம் நரை. நடக்கும்போது ஒரு முழங்கால் மடங்க மறுத்தது. தெரிந்த முகம், தெரிந்த தோள்கள். பெயருக்காக மனத்தைத் துழாவினேன். அங்கே ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதை வாயில் எடுக்க முடியாமல் நின்றேன்.

அவன் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். “காளிங்க ஐயா. ரெண்டாயிரத்தேழு செட்டு” என்றான்.

சிறுமி அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெயரை அவள் முதன்முறையாகக் கேட்டிருக்க வேண்டும்.

சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கேரளத்தில் சில வருடங்கள் வேலை, இப்போது ஊரிலேயே மரவள்ளி. “பாப்பா நல்லா படிக்கிறாங்க ஐயா” என்றான். என் பையை அவனே வாங்கிப் பேருந்தில் ஏற்றிவைத்தான். வண்டி கோமுகி அணையைத் தாண்டி மலையேறத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. விழுந்தவன் நான், அடிபடாமல் கை கொடுத்தவன் அவன்.

வீடு திரும்பியதும் பழைய குழுப் புகைப்படத்தைத் தேடி எடுத்தேன். மேல் வரிசையில், நடுவில், மற்றவர்களுக்கு மறைத்துவிடக் கூடாதே என்று சற்றுக் குனிந்து நிற்கிறான். கீழே சிறிய எழுத்தில் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. இடமிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனேன். இருந்தது. நல்ல பெயர். அதை இங்கே எழுதவில்லை. முதலில் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.