ஐந்து பேருக்கும் ஒரு நாள்

தீம் பார்க்குகளில் என் கண் முதலில் போவது பெஞ்சுகளுக்குத்தான். தலைக்கு மேலே ரோலர் கோஸ்டர் இரைந்துகொண்டு பாயும். கீழே நிழலில் ஒரு பாட்டியோ அம்மாவோ எல்லாருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கும் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். அவரையும் விமானம் ஏற்றி அழைத்து வந்திருப்பார்கள். ஆனால் அந்த நாளில் அவருக்கென்று ஒன்றும் இருக்காது. குடும்பத்தில் யாரும் வேண்டுமென்றே இப்படிச் செய்வதில்லை. திட்டம் போடும்போது அவரை யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் போகலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு எழுந்ததும், என் மாமியார் சொன்ன முதல் வார்த்தையே இதுதான். “நான் எதுக்கும்மா? நீங்க எல்லாரும் ஏறி இறங்குங்க. பையெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“இல்ல அத்தை, உங்களுக்கும் ஒண்ணு பாத்து வெச்சுத்தான் டிக்கெட் எடுப்பேன்” என்றேன். அதற்குப் பிறகு நான் போட்ட திட்டம் முழுவதும் அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

சிங்கப்பூரே போதும் என்பதை அத்தையின் முழங்கால்தான் உறுதிசெய்தது. ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு தீம் பார்க்குகள் இருக்கின்றன. டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டில் இரண்டு. அங்கெல்லாம் நாள் கணக்கில் நடக்க வேண்டும். சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2010-ல் திறந்த யூனிவர்சல் ஸ்டுடியோஸ் சுமார் 20 ஹெக்டேர்தான். நடுவில் ஒரு நீர்நிலை, அதைச் சுற்றிலும் பகுதிகள். ஹாலிவுட் தெருவில் நுழைந்து வலப்பக்கம் நடந்தால் நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்ட், ஃபார் ஃபார் அவே, மினியன் லேண்ட் என்று ஒரு வட்டம் முடிந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல் நிதானமாகச் சுற்றி வர அத்தையால் முடியும். தேவைப்பட்டால் நுழைவாயில் அருகே சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். திருச்சியிலிருந்து நேர் விமானம், நான்கு மணி நேரப் பயணம் என்பது கூடுதல் வசதி.

அடுத்தது தேதி. நம் பிள்ளைகளுக்கு மே மாதம் முழுவதும் விடுமுறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையோ மே கடைசியில் தொடங்கி ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே மே மாத நடுவில், வார நாளில் போனால் உள்ளூர்ப் பிள்ளைகள் வகுப்பறையில் இருப்பார்கள். அந்த ஊர்ப் பொது விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மே தினம் அந்த மாதத்தில் வரும், வெசாக் தினமும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும். காசு கொடுத்து எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கினால் வரிசையில் நிற்கும் நேரம் குறையும் என்பது உண்மைதான். ஐந்து பேருக்கு அதை வாங்கும் செலவைவிட, நல்ல நாளாகப் பார்த்துப் போவது எங்களுக்குச் சரியாகப் பட்டது.

காகிதங்களில் மறக்கக் கூடாதது பிள்ளைகளின் பாஸ்போர்ட். பெரியவர்களுடையது பத்து ஆண்டு செல்லும். சிறுவர்களுடையது ஐந்தே ஆண்டில் முடிந்துவிடும். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பிக்கலாம். அது போக, சிங்கப்பூர் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசாங்கத்தின் தளத்தில் அது இலவசம். நிரப்பித் தருகிறோம் என்று பணம் கேட்கும் தளங்களும் இருக்கின்றன. அவற்றை விட்டு விலகிவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் முக்கியமான வேலையே. சுவரில் பிள்ளைகளை நிறுத்தி உயரம் அளந்தோம்.

பிள்ளையை ரைடில் ஏற்றுவதா வேண்டாமா என்பதற்கு அங்கே கணக்கு உயரம்தான். வாசலில் அளவுகோல் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஏற்ற மாட்டார்கள். இருக்கையின் பிடிப்பு அந்த உயரத்துக்கென்று செய்யப்பட்டது, இதில் கெஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., ஜுராசிக் பார்க்கின் நீர்ச் சவாரிக்கு 107, இருட்டுக்குள் பாயும் மம்மி கோஸ்டருக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. ஐந்து வயது மகள் 104. எட்டு வயது மகன் 124.

எந்தக் கோஸ்டரைப் பற்றி அவன் பள்ளி முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தானோ, அதற்கு ஒரு சென்டிமீட்டர் போதவில்லை. அன்றே அவனிடம் சொல்லிவிட்டோம். அழுதான். வீட்டில், தன் கட்டிலில் படுத்து, வேண்டிய மட்டும் அழுதான். அரை மணி நேரம் வரிசையில் நின்று, எல்லாரும் பார்க்க, வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு அழுவதைவிட அது எவ்வளவோ மேல். மறுநாள் அவனே காகிதத்தை இழுத்துவைத்து, 124-க்குள் எதிலெல்லாம் ஏறலாம் என்று பட்டியல் எழுத ஆரம்பித்தான். ஏமாற்றத்தை ஊரிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனால், போகிற இடத்தில் சந்தோஷத்துக்கு நிறைய இடம் கிடைக்கிறது.

அந்தப் பட்டியலிலிருந்துதான் எங்கள் விதி பிறந்தது: ஆளுக்கு ஒன்று. ஒவ்வொருவரும் கட்டாயம் வேண்டும் என்று ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஐந்தும் நடந்தே தீர வேண்டும். மற்றதெல்லாம் நேரம் இருந்தால். மகன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்றான். மகளுக்கு, 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்டின் சுற்று ராட்டினம். என் கணவருக்கு பேட்டில்ஸ்டார். எனக்கு மம்மி, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ராட்டினத்தில்கூட நான் ஏறியதில்லை. அத்தை மட்டும் கடைசிவரை “எனக்கென்னம்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போனில் ஒவ்வொன்றாக வீடியோ போட்டுக் காட்டினேன். வாட்டர்வேர்ல்ட் வந்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். அதே பெயரில் 1995-ல் வந்த படத்தை வைத்துச் செய்த சாகசக் காட்சி அது. நீரில் சீறும் ஸ்கூட்டர்கள், உயரத்திலிருந்து குதிப்பவர்கள், தீ. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கதை புரியும், ஏறி இறங்க வேண்டியதில்லை, உட்கார்ந்து பார்க்கலாம். “இத நேர்ல செய்வாங்களா?” என்றார். அத்தையின் வரிசையிலும் ஒரு பெயர் எழுதினேன்.

வாட்டர்வேர்ல்டுக்குக் குறித்த நேரம் உண்டு. ஆகவே அன்றைய நாளை அதைச் சுற்றித்தான் கட்டினோம். போய் இறங்கிய மறுநாளே பார்க் வேண்டாம் என்று ஒரு நாளை இடைவெளியாக விட்டோம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே காலை எட்டு மணி என்பது பிள்ளையின் உடம்புக்கு ஐந்தரை. தங்கியது லிட்டில் இந்தியாவில். சிராங்கூன் சாலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, வடகிழக்குத் தடத்தில் எம்ஆர்டி ரயில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் போய் இறங்கலாம். ரயிலில் தமிழ் எழுத்தைப் பார்த்த நொடியிலிருந்து அத்தை எங்களுக்கே வழி சொல்லத் தொடங்கிவிட்டார். நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. மேலே விவோசிட்டி வணிக வளாகத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஒரே நிறுத்தம். கடலை ஒட்டிய நடைபாதையில் நடந்தும் போகலாம்.

திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் நின்றோம். கூட்டம் ஹாலிவுட் தெருவில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் நேராக சை-ஃபை சிட்டிக்குப் போய் மகனின் விருப்பத்தை முதலில் முடித்தோம். பக்கத்திலேயே பேட்டில்ஸ்டார். சிவப்புத் தடமும் நீலத் தடமும் ஒன்றையொன்று மோதுவதுபோல் நெருங்கி விலகும். அப்பா பாய்ந்து வருவதை மகன் கீழே நின்று கையசைத்துப் பார்த்தான். “அடுத்த வருஷம் நானும்ப்பா” என்று அவன் சொன்னதில் வருத்தமே இல்லை.

மம்மியை மத்தியானத்துக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள ஊர். பிற்பகலில் இடியோடு மழை வருவது சகஜம். மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். கூரைக்குள் ஓடும் மம்மிக்குக் கவலையில்லை. சிறு குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது: பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு இருந்துகொள்ளலாம், மற்றவர் வந்ததும் மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளலாம். வாசலில் ஊழியரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். என் கணவர் மகளை வைத்துக்கொள்ள, மகன் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஏறினேன். இருட்டில் வண்டி பின்னோக்கி இழுத்தபோது நான் போட்ட சத்தத்தில் அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அம்மாவை அப்படி ஒரு ஆளாக அவன் அதுவரை பார்த்ததில்லை.

வாட்டர்வேர்ல்டில் முன்வரிசைகளில் தண்ணீர் வாரி அடிக்கும். அரை மணி முன்னதாகவே போய், அத்தையைப் பின்வரிசையின் நடுவில் உட்கார வைத்தோம். பைகளை நான் வாங்கிக்கொண்டேன். மகளின் ராட்டினம் கடைசியாக நடந்தது. அதில் அத்தையும் பேத்தியோடு ஏறிக்கொண்டார். அது திட்டத்தில் இல்லாதது. ஐந்து விருப்பங்களும் நிறைவேறிவிட்டதால், மிச்ச நேரத்தை அவரவர் இஷ்டத்துக்கு விட முடிந்தது.

வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். ரைடுகளின் பட்டியலை எடுப்பதற்கு முன் குடும்பத்தின் பட்டியலை எடுங்கள். குட்டையாக இருப்பவர், மெதுவாக நடப்பவர், எப்போதும் “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்பவர், இவர்களுக்கு என்ன என்று முதலில் எழுதுங்கள். மற்றவர்களுக்கு எப்படியும் கிடைத்துவிடும். 60 வயது ஆனவர்களுக்கு டிக்கெட் கட்டணம்கூடக் குறைவு. அவர்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது அந்த நாளில் உள்ள பங்கு.

பார்க்குக்கு மறுநாளை அத்தையிடமே விட்டிருந்தோம். தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படும் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போகச் சொன்னார். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் திருச்சியிலிருக்கும் தன் தங்கையைப் போனில் அழைத்தார். எப்போதும் பேரப்பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அன்றைக்கு அப்படியில்லை. “ஒரு ஏரோப்பிளேன், நெஜ ஏரோப்பிளேன்டி, மதிலைத் தாண்டி தண்ணிக்குள்ள வந்து விழுந்துச்சு. நான் பாத்தேன்” என்று, சிராங்கூன் சாலையில் போவோர் வருவோர் எல்லாம் திரும்பிப் பார்க்க, உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.