பதின்மூன்றாவது புத்தகம்

கோவில்பட்டி,
ஐப்பசி.

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சுகம். உன் அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. மழை நன்றாகவே பெய்திருக்கிறது. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் தலை தூக்கி நிற்கின்றன. மக்காச்சோளம் போட்டவர்கள்தான் படைப்புழுவுக்கும் காட்டுப்பன்றிக்கும் நடுவில் தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். "மாமா, நீங்க கொடுத்த இரத்தப் படலத்தை மூணாம் பாகத்தோட மூடி வச்சுட்டேன். ஒரே ஆளுக்கு எத்தனை பேரு? யாரு நல்லவன், யாரு கெட்டவன்னே பிடிபடல. இதுக்கு நோட்ஸ் ஏதும் உண்டா?" என்று கேட்டிருக்கிறாய். நோட்ஸ் உண்டு தாயி. ஆனால் இப்போது கேட்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு சமாதானம். உன் குழப்பத்துக்கு நீ மட்டும் காரணமில்லை. நான் கொடுத்தது 2010-ல் வந்த தடியான காமிக்ஸ் தொகுப்பு. பதினெட்டுப் பாகமும் ஒரே கட்டில், கறுப்பு வெள்ளையில். வில்லியம் வான்ஸ் இதை வண்ணத்துக்காக வரைந்தவர். தலைமுடி, கோட்டு, சீருடை என்று நிறத்தை வைத்து ஆளை அடையாளம் காட்டுகிற இடங்கள் நிறைய. நிறம் போனதும் நாலு பேர் ஒரே சாடையில் தெரிகிறார்கள். 2018-ல் வண்ணத்தில் மூன்று தொகுதிகளாக வந்தது. அது எனக்குக் கிடைத்தால் உனக்குத்தான்.

அடுத்தது, கதாசிரியர் வான் ஹாம் உன்னைக் குழப்பவேண்டும் என்றேதான் எழுதியிருக்கிறார். கடற்கரையில் ஒதுங்கிய ஒருவன். பழைய நினைவு எதுவும் இல்லை. கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ரோமன் எழுத்தில் 13 என்று பச்சை குத்தியிருக்கிறது. நாட்டின் ஜனாதிபதியைச் சுட்டவன் நீதான் என்று ஊரே துரத்துகிறது. தான் யாரென்று அவனுக்கே தெரியாதபோது வாசகனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? 1984-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய இந்தத் தொடருக்குப் பின்னால் கென்னடி சகோதரர்களின் நிழல் இருக்கிறது. அந்த ஜனாதிபதியின் பெயர் ஷெரிடன். அவருக்கும் ஒரு தம்பி உண்டு. கென்னடி கொலை 1963-ல், தம்பி ராபர்ட் கொலை 1968-ல் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படி. அதற்கு மேல் இப்போது சொல்லமாட்டேன்.

நோட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். மூலத்தில் வான் ஹாம் எழுதியது பத்தொன்பது ஆல்பம். நம் தொகுப்பில் பதினெட்டு. விடுபட்ட அந்த ஒன்றுதான் நீ கேட்கிற நோட்ஸ்! 1999-ல் வந்த பதின்மூன்றாவது ஆல்பம். வேண்டுமென்றே அந்த எண்ணில் வைத்தார்கள். அதில் கதை மேலே நகராது. பத்திரிகைக்காரர்கள் இருவர் துப்புத் துலக்கி எழுதிய அறிக்கைபோல அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோப்பு, குடும்ப விவரம், வான்ஸ் வரைந்த முகங்கள், சதிகாரர்களின் பட்டியல். வாசகனுக்கு வழிகாட்டியாகவும் இருக்கவேண்டும், அதுவும் கதைக்குள் நடக்கிற ஒரு காரியமாகவும் இருக்கவேண்டும் என்று யோசித்தவர்களின் சாமர்த்தியத்தைப் பார். பன்னிரண்டு பாகம் படித்து முடித்தவன் கையில் அதைக் கொடுத்தால் ஒரே இரவில் திரும்ப முதல் பாகத்துக்குப் போவான். மூன்றாம் பாகத்தில் நிற்கிறவன் கையில் கொடுத்தால் தொடரே அதோடு முடிந்தது.

அதனால்தான் இப்போது கேட்காதே என்றேன். அதுவரைக்கும் நான் செய்ததைச் செய். அப்போது தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன் இல்லையா, பாதி எழுதிக் கழித்த பேரேடு ஒன்று வீட்டில் கிடந்தது. இடப்பக்கம் அவனை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதினேன். வலப்பக்கம் அந்தப் பெயர் எந்தப் பாகத்தில் பொய்யானது என்று. ஸ்டீவ் ரோலண்ட், ராஸ் டானர், ஜேசன் ஃப்ளை, கெல்லி பிரையன் என்று நீண்டுகொண்டே போனது. உன் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை பேர் உங்களுக்குக் கடன் தரணுமா?" என்று கேட்டாள். கையால் எழுதுகிற அந்தப் பக்கத்துக்கு ஈடாக எந்த அச்சுப் புத்தகமும் வராது. நாம் எங்கே தடுக்கினோம் என்பது நமக்குத்தானே தெரியும்.

எல்லா வழிகாட்டி நூலும் நல்லதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் 'சாண்ட்மேன்' என்ற அமெரிக்கத் தொடருக்கு லெஸ்லி கிளிங்கர் எழுதிய உரைப் பதிப்பைப் புரட்டினேன். நாலு பெரிய தொகுதி. ஷெர்லாக் ஹோம்ஸுக்கு உரை எழுதிப் பேர் வாங்கிய வக்கீல் அவர். உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குறிப்புக்கு இடம் வேண்டும் என்று படத்திலிருந்த வண்ணத்தையே எடுத்துவிட்டார்கள். படம் பார்க்க வந்தவனை ஓரத்துப் பொடியெழுத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு ஒப்பவில்லை.

மைக்கேல் ஃபார் டின்டினுக்கு எழுதியது வேறு ரகம். 2001-ல் வந்தது. டின்டினைப் படைத்த ஹெர்ஷே எந்தப் புகைப்படத்தைப் பார்த்து எந்தக் காரை வரைந்தார், எந்தக் கட்டிடத்தை வரைந்தார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். காது கேளாத அந்த விஞ்ஞானி கால்குலஸ் இருக்கிறாரே, அவர் பலூனில் வானத்துக்குப் போன அகுஸ்த் பிக்கார் என்ற நிஜ விஞ்ஞானியின் சாயல். நிஜ மனிதர் ரொம்ப நெட்டை. அப்படியே வரைந்தால் கட்டத்துக்குள் அடங்கமாட்டார் என்று ஹெர்ஷே அவரைக் குட்டையாக்கிவிட்டாராம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கால்குலஸ் வருகிற ஒவ்வொரு கட்டத்திலும் எனக்கு அந்த நெட்டை மனிதரும் தெரிகிறார்.  நல்ல துணைநூல் என்றால் எனக்கு அதுதான்.

குறும்பான வழிகாட்டியும் ஒன்று உண்டு. நம் கேப்டன் டைகர், அதாவது மூலத்தில் ப்ளூபெர்ரி, அவருக்குக் கதாசிரியர் ஷார்லியே ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். 1974-ல் வந்த ஓர் ஆல்பத்தின் இணைப்பு. அதன் கதை நம் 'மின்னும் மரணம்' தொகுப்பில் இருக்கிறது. 1843-ல் ஜார்ஜியாவில் பிறந்தார், பண்ணையார் மகன் என்று தொடங்கி, பழைய புகைப்படமெல்லாம் போட்டு, இப்படி ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தார் என்று எழுதிவிட்டார். அத்தனையும் புளுகு. நம்பியவர்கள் ஏராளம்!

டைகர் என்றதும் இன்னொன்று. நீ இரத்தப் படலத்தின் பதினேழாம் பாகத்துக்கு வரும்போது கோடு மாறியிருப்பதைக் கவனி. அயர்லாந்தில் நடக்கிற கதை அது. அந்த ஒரு பாகத்தை மட்டும் வான்ஸ் வரையவில்லை. வரைந்தவர் ஜான் ஜிரோ, டைகரை வரைந்த அதே கை. 2010-ல் நான் இது தெரியாமலேதான் படித்தேன். கோடு எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறதே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. ஒற்றை வரி அடிக்குறிப்பு இருந்திருந்தால் அன்றைக்கே துள்ளியிருப்பேன்.

நம் ஊர் சங்கதிக்கு வருகிறேன், உன்னிடம் சொல்லவேண்டியது இதுதான். சாத்தூர் தாண்டினால் சிவகாசி. 1972-ல் அங்கே சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் ஆசிரியர். முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. 1984-ல் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். எங்கள் கரிசல் பையன்களுக்கு உலகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது இந்த இரண்டும்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும். வாங்கக் காசில்லாதவன் வாடகைக்கு எடுப்பான், அதுவும் இல்லாதவன் எடுத்தவன் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பான்.

ஆனால் அவற்றை வரைந்தவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. மூலத்திலேயே பெயர் போடவில்லை. இந்தக் கதைகள் முதலில் வெளிவந்த அந்தக் காலத்து லண்டன் வாரப் பத்திரிகைகளில் ஓவியருக்கும் கதாசிரியருக்கும் பெயர் போடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. 1962-ல் 'வேலியன்ட்' பத்திரிகையில் மாயாவியைத் தொடங்கியபோது எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்குமே, அதை நிழலும் வெளிச்சமுமாகத் தீட்டியது அவர்தான். எங்கள் தலைமுறையில் லட்சம் பேர் அந்தக் கையைப் பார்த்து நடுங்கியிருப்போம். பிளாஸ்கோ என்ற பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

கூர்மண்டையன் ஸ்பைடர் கதை இதைவிட வேடிக்கை. வரைந்தவர் ரெஜ் பன். தொடங்கி வைத்தவர் டெட் கோவன். அடுத்து வந்து எழுதியவர் ஜெர்ரி சீகல். யார் தெரியுமா? நண்பர் ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர்! 130 டாலருக்கு அந்த உரிமையை விற்றுவிட்டு, வழக்குப் போட்டுத் தோற்று, பிறகு லண்டன் பத்திரிகைக்கு ஸ்பைடர் எழுதினார். சூப்பர்மேனின் தகப்பன் எழுதியதைத்தான் நாங்கள் வேப்பமரத்தடியில் படித்துக்கொண்டிருந்தோம். இது தெரிந்தபோது எனக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது.

2005-ல் அமெரிக்காவில் 'ஆல்பியன்' என்று ஒரு தொடர் வந்தது. கதைத் திட்டம் ஆலன் மூருடையது. எழுதியது அவர் மகள் லியாவும் மருமகன் ஜான் ரெப்பியனும். மறந்துபோன பழைய பிரிட்டிஷ் நாயகர்களை எல்லாம் ஒரு சிறையில் அடைத்து வைத்திருப்பதாகக் கதை. மாயாவி, ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி எல்லோரும் வருகிறார்கள். அமெரிக்க வாசகனுக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது, பக்கத்துக்குப் பக்கம் விளக்கம் வேண்டும். கோவில்பட்டிக்காரனுக்கு ஒரு வரி விளக்கம் வேண்டாம். அந்தப் புத்தகத்தைப் புரட்டியபோது கல்யாண வீட்டில் பழைய சேக்காளிகளைப் பார்த்தமாதிரி இருந்தது.

நம் இடைசெவல் எழுத்தாளர் கி.ரா.வின் வட்டார வழக்குச் சொல்லகராதியும் இப்படித்தான். 1982-ல் வந்தது. மெட்ராஸ்காரர் அவர் கதையைப் படிக்க அதைத் துணைக்கு வைத்துக்கொண்டார். உங்கள் பாட்டிக்கு நான் அதை வாசித்துக் காட்டினேன். பாட்டிக்குத் தெரியாத சொல் அதில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனால், "வாசிப்பா" என்று வந்து உட்கார்ந்துவிடுவாள். தெரிந்தவனுக்கும் துணைநூல் ருசிக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

நம் தமிழ் காமிக்ஸுக்கு அப்படி ஒரு புத்தகம் வேண்டும். விஜயன் 'சிங்கத்தின் சிறுவயதில்' என்று இதழ்களில் தொடராக எழுதினார். உரிமை வாங்கியது, அச்சடித்தது, விற்காமல் தேங்கியது எல்லாம் அதில் இருக்கிறது. ஹாட்லைன் என்ற ஆசிரியர் பக்கத்திலும் நிறையச் சொல்லியிருக்கிறார். ஆனால் அது பதிப்பித்தவர் சொல்வது. வாசித்தவர் பக்கத்திலிருந்து ஒன்று வரவேண்டும். எந்தக் கதை எந்த நாட்டில் எந்தப் பத்திரிகையில் வந்தது, யார் வரைந்தது, தமிழுக்கு வரும்போது என்ன வெட்டினார்கள், என்ன சேர்த்தார்கள், இரண்டு வண்ண அச்சில் என்ன ஆனது என்று. படித்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. புத்தகங்களும் பொடிந்துகொண்டிருக்கின்றன. என் பரணில் இருப்பதில் கரையான் தின்றதுபோக மிச்சம் இரண்டு தகரப்பெட்டி.

நீ எழுது தாயி. உனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும், கம்ப்யூட்டரில் தேடத் தெரியும், என்னைப்போலப் பழசில் உருகி ஒப்பாரி வைக்கமாட்டாய். இரத்தப் படலத்தை மூன்றாம் பாகத்தில் மூடி வைத்தவள் எழுதினால்தான் புதிதாக வருகிறவனுக்கு எங்கே தடுக்கும் என்று தெரியும். மாயாவியில் தொடங்கு. பிளாஸ்கோவைப் பற்றி நாலு பக்கம் போதும். முடிச்சை அவிழ்க்காதே, பெயர்களை மட்டும் விடாமல் எழுது. பொங்கலுக்கு வரும்போது பெட்டி இரண்டையும் இறக்கி வைக்கிறேன். பேரனையும் கூட்டிக்கொண்டு வா, அட்டைகளைப் படம் பிடிக்க ஆள் வேண்டும்.

அதற்குள் நாலாம் பாகத்தைப் பிரி. பேரேட்டுப் பக்கங்களைக் கேட்டு எழுதாதே, நீ பன்னிரண்டாம் பாகம் முடிக்கும்வரை தரமாட்டேன். மாப்பிள்ளையிடம் கடலைமிட்டாய் இரண்டு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன் என்று சொல்.

அன்புடன்,
மாமா