வேலியே பயிரை மேய்ந்தால்...

நன்றாக உட்காரப் பழகிய குழந்தை மறுபடியும் சரிந்து விழுகிறது. "அம்மா" என்று சொல்லத் தொடங்கிய வாய் மௌனமாகிறது. தலையின் சுற்றளவு வயதுக்கேற்றபடி வளரவில்லை. 1980-களில் அமெரிக்காவில், எச்.ஐ.வி. தாக்கிய சில குழந்தைகளிடம் மருத்துவர்கள் கண்டது இதைத்தான். நிமோனியா போன்ற தொற்றுகள் வரும் என்பது தெரிந்ததே. ஆனால், கற்றதை மறந்துபோகும் குழந்தை?

1985-ல், இறந்தவர்களின் மூளைத் திசுவிலேயே இந்த வைரஸ் இருப்பது கண்டறியப்பட்டது. அப்படியானால் அது நரம்பு செல்களைத் தின்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் ஆச்சரியம்! நியூரான்களுக்குள் எச்.ஐ.வி. அநேகமாகப் புகுவதே இல்லை. அது குடியிருப்பது மேக்ரோஃபேஜ், மைக்ரோக்ளியா என்ற செல்களில். இரண்டுமே நம் காவல்காரர்கள்!

நடப்பது இதுதான். ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் போய்விட முடியாது. ரத்தக்குழாய்ச் சுவரே ஒரு தடுப்பாக நிற்கிறது. ஆனால் மோனோசைட் என்ற வெள்ளை அணுவுக்கு உள்ளே போக அனுமதி உண்டு. வைரஸ் அதற்குள் ஒளிந்து உள்ளே போகிறது. போன மோனோசைட் அங்கே மேக்ரோஃபேஜாக மாறுகிறது. பக்கத்தில், கரு உருவான காலத்திலிருந்தே மூளையைக் காத்துவரும் மைக்ரோக்ளியாவுக்கும் தொற்று பரவுகிறது. சில செல்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்களாகின்றன. இவை கக்கும் அழற்சிப் பொருட்களும் வைரஸின் புரதங்களும்தான் அருகிலிருக்கும் நியூரான்களைச் சாகடிக்கின்றன. வேலியே பயிரை மேய்கிறது!

பெரியவர்களுக்கும் இது வரும். ஆனால் அவர்களுடையது கட்டி முடித்த வீடு. குழந்தையின் மூளையோ இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வீடு. அஸ்திவாரத்திலேயே சேதம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் இது நம்பிக்கையில்லாத கதை அல்ல. 1988-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 21 குழந்தைகளுக்கு சிடோவுடின் மருந்து விடாமல் நரம்பு வழியே செலுத்தப்பட்டது. மூளை பாதிக்கப்பட்டிருந்த 13 பேரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. இழந்ததில் கொஞ்சம் திரும்பி வந்தது! பின்னர் தென்னாப்பிரிக்காவில், பிறந்து 12 வாரங்களுக்குள் கூட்டு மருந்து தொடங்கிய ஆய்வு 2008-ல் வெளியானது. இறப்பு 76 சதவீதம் குறைந்தது. தாமதமாகத் தொடங்கிய குழந்தைகளைவிட இவர்களின் வளர்ச்சியும் மேலாக இருந்தது.

மருந்தால் வைரஸை அடக்க முடியும்; அடியோடு விரட்ட முடியாது. மைக்ரோக்ளியா நீண்ட காலம் வாழும் செல் என்பதால் வைரஸுக்கு அது நல்ல மறைவிடம். எனவே முதல் மருந்து தாய்க்குத்தான். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழ்.

கர்ப்பகாலத்தில் ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனை. ஒரு குழந்தை "அம்மா" என்ற சொல்லை மறக்காமல் இருக்க, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.