காலவரிசை

பட்டியல்களைக் கால முறையில் அடுக்குதல் கணினிக்கு நொடிப்பொழுதுச் செயல் என்பர். அஃது உண்மையே. ஆயினும் காலத்தை அதற்கு விளங்குமாறு நாம் எழுதியிருத்தல் வேண்டும்.

நாளினை வெறும் எழுத்தாகக் கொண்டால், கணினி இடப்புறந்தொட்டே ஒப்பிடும். ஆதலின் 05-12-1947 என்பதை 26-01-1930 என்பதற்கு முன் வைத்துவிடும். ஆண்டு, திங்கள், நாள் என்னும் முறையில், ஓரிலக்க எண்ணுக்கு முன் சுழியிட்டு எழுதின் இவ்விடர் நீங்கும். 1988-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலகப் பொதுநெறி இம்முறையையே வகுத்தது.

நிற்க. தமிழ் பயிலும் நமக்கு இதனினும் பெரியதோர் இடர் உண்டு. பழைய ஏடுகள் பலவற்றில் ஆண்டின் பெயர் மட்டுமே காணப்படும். அகரவரிசையில் அடுக்கினால், அறுபதாவதாகிய அட்சய, முதலாவதாகிய பிரபவ என்பதற்கு முன் வந்து நிற்கும். அறுபதின் முறையைக் கணினிக்குக் கற்பித்தாலும், எந்தச் சுற்று என்பதை அஃது அறியாது.

எம் இல்லத்துக் கணக்கேடுகளைப் பட்டியலிடுங்கால் இதனைக் கண்கூடாகக் கண்டேன். ஓர் ஏட்டின் தலைப்பு 'பவ வருடம்' என்பதே. 1874-இல் தொடங்கிய பவ எனின், அதிலுள்ள கடன் பாட்டனாரின் பாட்டனார் பட்டது. 1934-இல் தொடங்கியது எனின், பாட்டனாரின் தந்தையார் பட்டது. உள்ளே 'மோட்டார் கூலி' என்றொரு வரி இருந்தது. அதனால் ஐயம் அகன்றது. பட்டியலில் 1934 என்று பதிந்தேன். ஏடும் தனக்குரிய இடத்தை அடைந்தது.

ஆதலின் நண்பர்காள், நாம் எழுதும் கடிதத்திலும் கணக்கிலும் ஆண்டினை முழு எண்ணால் குறிப்போமாக. பின்வருவோர் நம்மை நம் காலத்திலேயே வைத்தறிய அதுவே துணையாகும்.