எந்த கியர் பாக்ஸ்?

பழைய அமெரிக்க மசில் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் எஞ்சினுக்குத்தான் போவார்கள். எத்தனை கன அங்குலம், எத்தனை குதிரைத்திறன், கால் மைலை எத்தனை நொடியில் கடந்தது என்பதே பேச்சாக இருக்கும். அந்தச் சக்தியெல்லாம் கடைசியில் தரையைத் தொடுவது பின்சக்கரத்தில். பின்சக்கரத்தைத் தரையோடு பிடித்து வைக்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இணைப்புக் கம்பிகளும் வண்டிக்கு அடியில் எண்ணெயும் தூசியுமாகக் கிடக்கின்றன. அந்தப் பகுதியில் மட்டுமே வேலை செய்யும் ஒரு சிறு பட்டறை ஓஹையோவில் இருக்கிறது என்று தெரிந்தபோது, போய்ப் பார்த்தே தீருவது என்று கிளம்பினேன்.

பட்டறை நார்வுட்டுக்கு அருகில். நார்வுட் தனி ஊர்தான், ஆனால் சின்சினாட்டி நகரம் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறது. 1923 முதல் 1987 வரை ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை அங்கே ஓடியது. 1967 மாடல் ஆண்டில் பிறந்த ஷெவர்லே கமேரோவும் அதன் உடன்பிறப்பான பான்டியாக் ஃபயர்பேர்டும் இறங்கிய ஆலைகளில் அது முக்கியமானது. ஆலையை மூடி இடித்தும் விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. ஊரில் தங்கிவிட்டது அங்கே வேலை பார்த்தவர்களின் கைப்பழக்கம். பட்டறையின் உரிமையாளர் அந்த ஆலையின் கடைசி ஆண்டுகளில் லைனில் நின்றவர். அவரோடு வெல்டிங் பார்க்கும் ஒரு பெண்மணியும், தொழில் கற்றுக்கொண்டிருக்கும் ஓர் இளைஞரும் இருந்தார்கள். இரண்டு லிஃப்ட், சுவர் முழுக்க அலமாரி, ஒவ்வொரு பிராக்கெட்டிலும் கம்பி கட்டித் தொங்கவிட்ட அட்டை.

அட்டைகளைப் படித்துக்கொண்டு போனேன். வண்டியின் பெயர், ஆண்டு, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் கியர் பாக்ஸின் பெயர். பின் ஆக்சிலில் மாட்டும் உறுப்புக்கு முன்னால் இருக்கும் கியர் பாக்ஸின் பெயர் எதற்கு? கேட்க நினைக்கும்போதே தொலைபேசி மணி அடித்தது. 1988 கமேரோவுக்குப் பின்பக்க டார்க் ஆர்ம் வேண்டும் என்று யாரோ கேட்கிறார். உரிமையாளரான பெரியவர் விலை சொல்லவில்லை, இருக்கிறது இல்லை என்றும் சொல்லவில்லை. "எந்த கியர் பாக்ஸ்?" என்றார். நான் அங்கே இருந்தவரை, வந்த அழைப்புகளில் எல்லாம் அதுதான் முதல் கேள்வி.

காரணத்தை அவர் லீஃப் ஸ்பிரிங் எனும் பட்டை ஸ்பிரிங் காலத்திலிருந்து தொடங்கினார். எஞ்சின் முறுக்கும்போது பற்சக்கரம் ஆக்சிலை முன்னோக்கிச் சுழற்றுகிறது. அதே விசையோடு ஆக்சில் கூடு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கிறது. டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே ஏறும். பட்டைகள் இரண்டாக வளைந்து பாம்புபோல் நெளியும். ஒரு கட்டத்தில் டயர் பிடி விட்டுவிடும், முறுக்கிய பட்டை விடுபட்டுத் திரும்பும், டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி முறுக்கும். நொடிக்குள் பலமுறை இது நடக்கும்போது வண்டியின் பின்பக்கம் எகிறி எகிறிக் குதிக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் இருப்பதால் முதல் உதை கொஞ்சம் கரைந்து வருகிறது. மேனுவலில் கிளட்சைச் சட்டென்று விட்டால் சுழன்றுகொண்டிருக்கும் ஃபிளைவீலின் கனமும் சேர்ந்து ஒரே அடியாக ஆக்சிலில் விழுகிறது. எஞ்சின் ஒன்றாகவே இருந்தாலும் பின்பக்கம் வாங்கும் அடி வேறு.

ஆலைகள் இதை அறிந்துதான் கட்டின. 1967 கமேரோவில் இரு பக்கமும் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங். அது குதித்தது. அடி பலமாக விழும் வண்டிகளுக்கு மட்டும் வலது பக்கத்தில் ஆக்சிலைப் பிடித்து நிறுத்த ஒரு கம்பி சேர்த்தார்கள். 1968-இல் ஷாக் அப்சார்பர் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் ஆக்சில் முறுக்கும்போது அதோடு சேர்ந்தே ஆடும். முன்னும் பின்னுமாக நின்றால் முறுக்கைத் தடுக்கும். பலம் கூடிய வண்டிகளுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் வந்தது. இதில் பெரியவர் எனக்குக் காட்டிய நல்ல உதாரணம், 275 குதிரைத்திறன் கொண்ட 327 கன அங்குல எஞ்சின். பட்டியலில் அது நடுத்தர எஞ்சின்தான். அதையே எம்-20 என்ற 4 கியர் மேனுவலோடு வாங்கியவருக்கு ஆலை கனமான 12 போல்ட் ஆக்சிலையும் பல பட்டை ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கொடுத்தது. எஞ்சினை மட்டும் பார்த்து ஸ்பிரிங் வாங்குகிறவர் அங்கே தவறிவிடுவார்.

ஃபோர்டும் அப்படித்தான் செய்தது. 1968-இன் நடுவில் மஸ்டாங்கில் வந்த 428 கோப்ரா ஜெட் எஞ்சினோடு 4 கியர் மேனுவல் இருந்தால் ஷாக் அப்சார்பர் முன்னும் பின்னுமாக மாறியது. ஆட்டோமேட்டிக் என்றால் பழைய இடம். க்ரைஸ்லர் இன்னும் தாராளம். 426 ஹெமி எஞ்சினை மேனுவலோடு கேட்டால் டேனா 60 என்ற லாரித்தனமான ஆக்சில். ஆட்டோமேட்டிக்கோடு கேட்டால் தங்களுடைய 8¾ அங்குல ஆக்சில். ஹெமி வண்டிகளின் ஸ்பிரிங்கிலோ இரு பக்கமும் ஒன்றல்ல. வலப்பக்கம் 6 முழுப் பட்டை. இடப்பக்கம் 5 முழுப் பட்டையும் 2 அரைப் பட்டையும். கியர் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு ஓடும் ஷாஃப்டின் முறுக்கு வலது டயரைத் தூக்கப் பார்ப்பதால் இந்த ஏற்பாடு. இளைஞர் ஒரு ஜோடியைத் தரையில் கிடத்திப் பட்டைகளைத் தொட்டு எண்ணிக் காட்டினார். இடம் மாற்றிப் போட்டாலும் போல்ட் ஏறிவிடும், வண்டி ஓடவும் ஓடும் என்றார். அந்தத் தொழிலின் கஷ்டம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது. தப்பான உறுப்பு மாட்டவே மாட்டாது என்றால் பட்டறைக்கு வேலையே இல்லை. மாட்டிக்கொள்ளும். பாரம் வரும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

இதுவரை சொன்னதில் கியர் பாக்ஸ் எட்ட இருந்து ஆணையிடுகிறது. 1982-இல் வந்த மூன்றாம் தலைமுறை கமேரோவிலும் ஃபயர்பேர்டிலும் அது நேரடியாகவே சஸ்பென்ஷனின் ஓர் உறுப்பாகிவிட்டது. பட்டை ஸ்பிரிங் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது. ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கக் கீழே இரண்டு கம்பிகள். பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு குறுக்குக் கம்பி. முறுக்கைத் தாங்குவதற்கு டார்க் ஆர்ம். டிஃபரன்ஷியலோடு அசையாமல் போல்ட் போட்ட நீண்ட இரும்புக் கை அது. ஷாஃப்டுக்குப் பக்கத்திலேயே முன்னோக்கி ஓடி, கியர் பாக்ஸின் வால் பகுதியில் இருக்கும் ஒரு பிராக்கெட்டுக்குள் ரப்பர் புஷ்ஷில் நுழைந்து நிற்கும். 1975 காலத்து காஸ்வொர்த் வேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் பயன்படுத்திய அமைப்பு. கமேரோவில் 2002 வரை நீடித்தது.

பின்பாரம் கூடிய மாட்டுவண்டியில் ஏர்க்கால் எப்படி மேலே எழும்புமோ, அப்படித்தான் ஆக்சில் முறுக்கும்போது இந்தக் கையின் முன்நுனி எழும்பப் பார்க்கிறது. மேலே இருக்கும் கியர் பாக்ஸின் வாலை அது முட்டித் தூக்குகிறது. அந்தத் தூக்கல் வண்டியைத் தாங்க, அதன் எதிர்விசை டயரைத் தரையில் அழுத்துகிறது. அழகான ஏற்பாடு. ஆனால் பாரம் முழுவதும் விழும் இடம் அலுமினியத்தால் வார்த்த ஒரு மெல்லிய வால் கூடு. எஞ்சினுக்குப் பலம் ஏற்றி, ஒட்டும் டயர் போட்டுப் பந்தயத்தில் கிளட்சை விட்டால் அந்தக் கூடு வெடிக்கும். வெடித்த டி-5 மேனுவல் பாக்ஸின் வால் ஒன்றை அலமாரியின் அடியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார் வெல்டிங் பெண்மணி. பிராக்கெட் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் கீறல் கிளம்பியிருந்தது.

கேட்லாக்கில் "1982 முதல் 1992 வரை" என்று ஒரே வரியில் போட்டு விற்கும் சங்கதி இங்கேதான் இடறுகிறது. 700ஆர்4 ஆட்டோமேட்டிக்கின் வாலில் பூட்டும் பிராக்கெட் டி-5 மேனுவலில் பூட்டாது. கீழே குறுக்கே தாங்கும் கிராஸ் மெம்பரும் மாறும். டி-5 இந்த வண்டிகளில் நேராகக்கூட நிற்பதில்லை. ஓட்டுநர் பக்கம் 17 பாகை சாய்ந்து நிற்கும். அதே டி-5 என்ற பெயரில் வேறு வண்டியிலிருந்து கழற்றிய பாக்ஸைக் கொண்டுவந்தால் சாய்வும் சரியிராது, வாலில் கையைப் பிடிக்க இடமும் இராது. டர்போ 400 போன்ற பழைய ஆட்டோமேட்டிக்கில் அந்த இடமே கிடையாது. டார்க் ஆர்ம் பிறப்பதற்கு முன்னால் வடிவமைத்த பாக்ஸ் அது.

நான் போனபோது முதல் லிஃப்டில் நின்றது இந்தச் சிக்கலின் நடு முடிச்சு. 5.7 லிட்டர் எஞ்சின் கொண்ட கமேரோ. 1987-இல் அந்த எஞ்சின் வந்ததிலிருந்து 1992 வரை ஆலை அதை ஆட்டோமேட்டிக்கோடு மட்டுமே விற்றது. அதன் முறுக்கைத் தாங்க டி-5 போதாது. ஆகவே பெரிய எஞ்சினும் கிளட்சும் ஒன்றாக வேண்டும் என்கிறவர்களுக்கு ஆலை ஒருபோதும் கட்டாத ஒரு வண்டி தேவைப்படுகிறது. அதைக் கட்டிக்கொடுப்பது இந்த மூன்று பேர் மாதிரியானவர்கள். இந்த வண்டியில் 6 கியர் டி-56 ஏற வேண்டும். 1993 முதல் வந்த கமேரோவிலிருந்தோ ஃபயர்பேர்டிலிருந்தோ எடுத்த டி-56 வாலில் டார்க் ஆர்முக்கு இடம் வார்த்திருக்கும். மற்ற வண்டிகளுக்காகச் செய்ததில் இராது. கிடைத்தது இரண்டாவது வகை.

அவர்கள் எடுத்த முடிவு, கையை கியர் பாக்ஸிலிருந்தே பிரித்துவிடுவது. தடித்த கிராஸ் மெம்பர் ஒன்றை வண்டியின் அடிச்சட்டத்தில் பூட்டி, டார்க் ஆர்மின் நுனியை அதில் நிறுத்துவார்கள். பாக்ஸ் தன் பாரத்தை மட்டும் சுமக்கும். இதற்கு வரும் கைகள் பல, ஆலைக் கையைவிடக் குட்டையானவை. குட்டையான கை டயரை இன்னும் பலமாகத் தரையில் அழுத்தும். பிரேக்கை மிதிக்கும்போது அதே கணக்கு திரும்பி வந்து பின்பக்கத்தைக் குதிக்க வைக்கும். தெருவில் ஓட்டும் வண்டி என்பதால் பெரியவர் நீளமான கையையே தேர்ந்தெடுத்தார். நுனி முன்பின் வழுக்குவதற்கும் இடம் விட வேண்டும். ஆக்சில் மேலே கீழே போகும்போது கீழ்க் கம்பிகள் ஒரு வட்டத்தில் திரும்பும், கை வேறொரு வட்டத்தில். நுனியை இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒன்று முறியும்.

அடுத்து கோணம். கியர் பாக்ஸின் வால் கொஞ்சம் ஏறினாலோ இறங்கினாலோ ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் மூட்டுகளின் கோணம் மாறி, வேகத்தில் அதிர்வு வரும். ஆலைக் கையில் இதைத் திருத்த வழியில்லை. இந்தக் கையில் திருகிச் சரிசெய்யலாம். வண்டியின் முழுக் கனமும் சக்கரத்தில் இறங்கியபின், இளைஞர் அடியில் படுத்து அளவு சொல்ல, பெரியவர் தாளில் எழுதினார். திருகு, அளவு, மறுபடி திருகு. அவசரமே இல்லை. ஷாஃப்டின் முனையைச் சுழற்றி விரலால் பற்களை எண்ணிப் பார்த்தபின்தான் உள்ளே செருகினார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் முனைகளில் 27 பல்லும் உண்டு, 32 பல்லும் உண்டு. எம்-20 போன்ற பழைய மன்சி பாக்ஸ்களில் இதனாலேயே ஒரு நாள் வேலை வீணாவது சகஜமாம்.

இத்தனைக்கும் இவர்களுக்கு வழிகாட்ட ஒரே புத்தகம் கிடையாது. ஆலையின் உறுப்புப் பட்டியல் ஆலை கட்டிய சேர்க்கைகளைச் சொல்லும், கட்டாததைச் சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்புவது அலமாரியில் தொங்கும் அட்டைகள். கழற்றும்போதெல்லாம் எதில் இருந்தது, எதோடு சேர்ந்திருந்தது, எங்கே தேய்ந்திருந்தது என்று எழுதிக் கட்டிவிடுகிறார்கள். மிகப் பெரிய அறிவுச் சேமிப்பு அது என்று நான் நினைக்கிறேன். இளைஞர் அந்த அட்டைகளைப் படம் பிடித்து முறைப்படுத்தத் தொடங்கியிருக்கிறார். அது முடிந்தாக வேண்டும்.

இரண்டாவது லிஃப்டில் 1969 மஸ்டாங். 428 கோப்ரா ஜெட்; ஆட்டோமேட்டிக்காகப் பிறந்தது. வண்டியின் உரிமையாளர் 4 கியர் மேனுவலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். அதோடு, மேனுவல் வண்டியில் ஆலை செய்ததைப் போலவே இடது ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்குப் பின்னால் மாற்றவும் சொல்லியிருக்கிறார். அதற்கு ஸ்பிரிங்கின் அடித்தட்டு மாற வேண்டும்; மேலே டிக்கியின் தளத்தில் புதிய பிராக்கெட்டை வெல்டிங் செய்ய வேண்டும். பெண்மணி தளத்தைச் சுரண்டிப் பார்த்திருந்தார். துருவே இல்லாத, ஆலை வைத்த தகடு.

மூவரும் வண்டிக்கடியில் நின்று பேசினார்கள். இளைஞருக்கு மாற்றிவிட ஆசை. முறுக்கைத் தாங்க அதுதான் சரியான வழி என்றார். சரியான வழிதான். ஆனால் ஓட்டப்போகிறவர் பந்தயத்துக்குப் போகிறவரில்லை. அந்தத் தகட்டை ஒருமுறை வெட்டிவிட்டால் இது ஆட்டோமேட்டிக்காகப் பிறந்த வண்டி என்பதற்கு உடலில் இருக்கும் சாட்சி போய்விடும் என்றார் பெரியவர். முறுக்கைத் தடுக்க, ஸ்பிரிங்கின் முன்பாதிக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டும் கம்பிகளே போதும். வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். பெண்மணியும் அதற்கே ஒப்பினார். நானும் அவர்கள் பக்கம்தான். பெரியவர் உரிமையாளருக்குத் தொலைபேசியில் அதை விளக்கிவிட்டு, கழற்றப்போகும் ஆட்டோமேட்டிக் பிராக்கெட்டுகளையும் கிராஸ் மெம்பரையும் பெட்டியில் போட்டு வண்டியோடே அனுப்புவதாகச் சொன்னார். இளைஞர் அவற்றுக்கு அட்டை எழுத உட்கார்ந்தார்.